மாட்டின் நோயைச் சோதனையால் அறிதல்

வாயிலிருந்து எச்சில் நூலாக வடிய, காலை மாறி மாறி உதறிக்கொண்டு நிற்கும் பசுவைக் கண்டவுடன், அதற்குக் கால்வாய் நோய் என்று கமக்காரர் சொல்லிவிடுவர். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். பட்டியோடு பழகி வளர்ந்தவரின் கண்ணை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் அதே எச்சில், தொண்டையில் மாங்கொட்டை சிக்கிய மாட்டிலும் வடியும். விசர்நாய் கடித்த மாட்டிலும் வடியும். முதலாவது மாட்டுக்கு வேண்டியது தொண்டையைச் சீர்செய்யும் வைத்தியம். இரண்டாவது மாட்டின் வாயிற் கைவைப்பவருடைய உயிருக்கே ஆபத்து. கால்வாய் நோயாயின், அயலிலுள்ள பட்டிகள் யாவற்றையும் உடனே அடைத்து வைத்தல் வேண்டும். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வெவ்வேறாக இருத்தலினாலேயே சோதனை அவசியமாகின்றது.

"நான் நெற் செய்பவன், தோட்டஞ் செய்பவன், இரண்டு மாடுதானே என்னிடம் உண்டு, ஆய்வுகூடச் சோதனை பெரும் பண்ணைக்காரருக்கு உரியதன்றோ?" என நீங்கள் கேட்கலாம். உழவுக்கு இயந்திரம் வந்துவிட்ட இக்காலத்திலும், வீட்டுச் செலவுக்குப் பாலும் தோட்டத்துக்கு எருவும் அந்த இரண்டு மாடுகளே தருகின்றன. பெரும்பண்ணையில் ஒரு பசு பால் வற்றினால் கணக்கிற் சிறிது குறையும். உங்கள் வீட்டிலோ அன்றைய வருமானமே நின்றுவிடும். மேலும், உங்கள் மாடு குளக்கட்டிலும் தரிசு வயலிலும் ஊரார் மாடுகளோடு கலந்தே மேய்கின்றது. எருவுக்காகத் தோட்டந்தோறும் பட்டி மாற்றி அடைக்கும் ஊர்களில், நோயும் பட்டியோடு தோட்டந்தோறும் மாறிச் செல்லும்.

வைரசு நோயும் மருந்தும்

தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவை பற்றீரியா என்னும் நுண்ணங்கிகளால் உண்டாவன. இவற்றை நேரத்தோடு கண்டறிந்து மிருக வைத்தியர் ஊசிமருந்து ஏற்றினால் மாடு பிழைத்தல் கூடும். கால்வாய் நோய், தோற்கழலை நோய், மூன்றுநாட் காய்ச்சல், விசர் நோய் ஆகியவை வைரசினால் வருவன. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து வைரசைக் கொல்லாது. புண்ணிற் பின்னர் சேரும் சீழைத் தடுப்பதற்கு அம்மருந்து உதவலாம், அவ்வளவே. கடையில் மருந்து வாங்கித் தாமே ஏற்றிவிட்டுப் பல நாள் காத்திருப்போர் பணத்தை இழப்பதோடு, சோதனைக்கு உகந்த நாட்களையும் இழந்துவிடுகின்றனர். பின்னதே பெரிய நட்டம்.

நோயின் பெயரை மாத்திரம் அறிந்தாலும் போதாது. கால்வாய் நோயை உண்டாக்கும் வைரசில் ஏழு வகைகள் உள்ளன. ஒரு வகைக்கென ஏற்றிய தடுப்பூசி மற்றொரு வகைக்குக் காப்பளிப்பதில்லை. அண்மைக் காலத்தில் இலங்கையிற் பரவிய கால்வாய் நோய் "ஓ" என்னும் வகையினது. நாளை வேறொரு வகை வந்து சேருமாயின், மாட்டின் நாக்கைப் பார்த்து அதனை யாராலும் சொல்ல முடியாது. நாக்கிலிருந்து எடுத்த தோற்றுண்டே அதனைச் சொல்லும்.

எந்த மாடு? எந்த நாள்?

மிருக வைத்தியர் வந்ததும், பட்டியில் மிகவும் மெலிந்து, புண் பெருகி, எழ முடியாது கிடக்கும் மாட்டையே நாம் முதலிற் காட்டுகின்றோம். இரக்கத்தின் பொருட்டு அது சரியே. சோதனையின் பொருட்டோ அது தவறான மாடு. அதன் உடலில் வைரசு பெருகி ஓய்ந்திருக்கும். கொப்புளங்கள் உடைந்து ஆறத் தொடங்கியிருக்கும். சோதனைக்கு மிக உகந்தது, இன்று காலையிற் காய்ச்சல் தொடங்கி, தீனை முகர்ந்துவிட்டு விலகி நிற்கும் மாடேயாம். பார்ப்பதற்கு அதில் நோய் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வைரசு நிறைந்திருப்பது அதிலேதான்.

அந்த மாட்டை எவ்வாறு தெரிந்துகொள்வது? வெப்பமானி ஒன்று வீட்டில் இருத்தல் நன்று. வெயில் ஏறுமுன், அதனை மாட்டின் குதத்தில் வைத்துப் பாருங்கள். வளர்ந்த மாட்டின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39.3 பாகை சதமளவை வரையாகும். பட்டியில் ஒன்றுக்குக் கால்வாய் நோய் கண்டபின், ஏனையவற்றைத் தினமும் காலையில் அளந்து வருக. 40 பாகையைத் தாண்டியதைத் தனியே கட்டுக. வைத்தியருக்கு அதனையே முதலிற் காட்டுக. வெப்பமானி இல்லாதவர் பாலின் அளவைக் கவனிக்கலாம். நேற்று மூன்று போத்தல் கறந்த பசு இன்று ஒன்றரை கறப்பின், கொப்புளம் தோன்றுமுன்னரே செய்தி கிடைத்துவிட்டது.

எருமை வளர்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை. கால்வாய் நோய் எருமையிற் பல வேளைகளில் மென்மையாகவே காணப்படும். ஆயினும் அது வைரசைத் தாங்கி நிற்கும். பசுக்களுக்கு நோய் கண்ட ஊரில், "என் எருமைக்கு ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாது, அவற்றின் வாயையும் குளம்பிடையையும் வைத்தியர் பார்ப்பதற்கு உதவுக.

கால்வாய் நோயில் எடுக்கப்படுவது

நாக்கிலும் முரசிலும் குளம்பிடையிலும் எழும் கொப்புளங்களின் மேற்றோலே இந்நோய்க்குரிய சிறந்த மாதிரி. உடையாத கொப்புளமாயின் மிக நன்று. உடைந்து ஓரிரு நாளானதும் உதவும். ஏறக்குறைய 1 கிராம் தோல் போதும். அதனைக் கிளிசரீன் கலந்த, புளிப்பும் காரமும் அற்ற ஒரு கரைசலில் இட்டு, குளிரிற் கொண்டுசெல்வர். கரைசலை வைத்தியரே கொண்டுவருவார்; நீங்கள் தேட வேண்டியதில்லை.

நீங்கள் செய்யாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. வாய்ப்புண்ணைக் கண்டதும் தேசிக்காய்ச் சாற்றாலும் புளிக்கரைசலாலும் கழுவும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. கால்வாய் நோய் வைரசு புளிப்பைத் தாங்காது. புளிப்புப்பட்டால் அது விரைவில் அழிந்துவிடும். "அழிந்தால் நன்மைதானே" என்று எண்ணற்க. உடலினுள்ளே பரவியிருக்கும் வைரசு அதனால் அழிவதில்லை. மாதிரியாக எடுக்கவிருந்த தோலிலுள்ளதே அழிகின்றது. மாடு நோயோடு நிற்க, ஆய்வுகூடம் "இல்லை" என்று எழுதும். ஆகவே மாதிரி எடுக்கும்வரை வாயைத் தூய நீரால் மாத்திரம் கழுவுக. குளம்பிற்கு வேப்பெண்ணெயோ தாரோ பூசாது விடுக. மாதிரி எடுத்தபின் வைத்தியர் சொல்லும் மருந்தைத் தாராளமாகப் பூசலாம்.

கொப்புளம் ஆறிய பின்னரே வைத்தியர் வந்தாராயின், நீண்ட கைபிடியுடைய சிறு கிண்ணம் போன்ற கருவியைத் தொண்டைக்குள் செலுத்தி, அங்குள்ள நீரை வழித்தெடுத்தல் உண்டு. மாட்டுக்கு அது சிறிது தொல்லை தரும். ஆனால் நோய் மாறிய மாடுகள் சிலவற்றின் தொண்டையில் வைரசு பல மாதங்கள், சில வேளை ஆண்டுகளும், தங்குதல் உண்டு. ஆகையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து ஒத்துழைப்பது வீண் போகாது.

இரண்டு குழாய்கள் எதற்கு?

வைத்தியர் ஒரே மாட்டில் இரண்டு குழாய்களில் இரத்தம் எடுப்பதைக் கண்டு, "இத்தனை இரத்தம் எதற்கு?" என்று கேட்போர் உளர். ஒன்றில் இரத்தம் உறையாதிருப்பதற்கான மருந்து இடப்பட்டிருக்கும். அதிலுள்ள முழு இரத்தத்தில் வைரசையே தேடுவர். மற்றதில் மருந்து இராது. அதில் இரத்தம் உறைந்து, மேலே இளமஞ்சள் நிறமான தெளிந்த நீர் பிரியும். இதற்கு நீர்ப்பாயம் என்று பெயர். வைரசை எதிர்ப்பதற்கு உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளை இதிலே தேடுவர்.

வைரசைத் தேடுவதற்கும் பிறபொருளெதிரியைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நெற்செய்கையாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். இரவில் வயலில் யானை நிற்பதைக் கண்ணாற் காண்பது ஒன்று. விடிந்தபின் சேற்றில் அதன் அடிச்சுவட்டைக் காண்பது மற்றொன்று. முழு இரத்தத்திலோ தோலிலோ வைரசைக் கண்டால் யானை இப்போது வயலில் நிற்கின்றது. நீர்ப்பாயத்தில் பிறபொருளெதிரியைக் கண்டால் யானை வந்து போயிருக்கின்றது. எப்போது வந்தது என்பதை ஒரு சுவட்டைக் கொண்டு அறுதியிட்டுச் சொல்லல் அரிது. நோய் தொடங்கிய முதற் சில நாட்களில் சுவடு இன்னும் பதிந்திராது. பிறபொருளெதிரிகள் அளவிடத்தக்கவாறு தோன்றுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் செல்லும்.

இதனாலேயே சில நோய்களில் வைத்தியர் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் கழித்து அதே மாட்டில் மறுபடியும் இரத்தம் எடுக்கின்றார். இரண்டாம் முறையிற் பிறபொருளெதிரியின் அளவு முதன்முறையிலும் நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருப்பின், நோய் அண்மையில் வந்ததென்பது தெளிவு. மூன்றுநாட் காய்ச்சலில் இது பெரிதும் உதவும். அந்நோயிற் காய்ச்சல் குறுகிய காலமே நிற்கும். வைத்தியர் வருமுன் மாடு எழுந்து மேயவும் தொடங்கிவிடும். மாடு சுகமாகிவிட்டதே என்று இரண்டாம் இரத்தத்தை மறுப்பீர்களாயின், முதலில் எடுத்ததும் பயனற்றுப்போம்.

தடுப்பூசியும் சுவட்டைப் பதிக்கும். தடுப்பூசியின் வேலையே அதுதான். அவ்வாறாயின், ஊசியின் சுவடு எது, நோயின் சுவடு எது என்று பிரித்தறிவது எங்ஙனம்? நல்ல முறையிற் தூய்மையாக்கப்பட்ட கால்வாய் நோய்த் தடுப்பூசியில் வைரசின் புறவுறைப் புரதங்களே பெரிதும் உள்ளன. வைரசு உடலினுட் பெருகும்போது மாத்திரம் தோன்றும் வேறு சில புரதங்கள் அதில் நீக்கப்பட்டிருக்கும். அப்புரதங்களுக்கு எதிரானவை நீர்ப்பாயத்திற் காணப்படின், மாட்டுக்கு நோயே வந்திருந்தது எனக் கொள்வர். இச்சோதனை பயன்பட வேண்டுமாயின், ஊசி ஏற்றிய திகதியை நீங்கள் சொல்லுதல் வேண்டும். "போன மாரிக்கு முன்போ பின்போ" என்ற விடை போதாது. மாட்டின் அட்டையிலோ, வீட்டு நாட்காட்டியிலோ குறித்து வைக்குக.

கன்றுகளைப் பற்றியும் ஒரு சொல். கடும்புப் பாலின் வழியாகத் தாயின் பிறபொருளெதிரிகள் கன்றுக்குச் சென்று சில மாதங்கள் நிற்கும். ஆகவே ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றின் நீர்ப்பாயத்திற் காணும் சுவடு, தாயின் சுவடாகவும் இருக்கலாம். எனினும், கால்வாய் நோய் நிலவும் காலத்தில் நோய்க்குறி ஏதுமின்றிக் கன்று திடீரென இறந்தால் அதனைப் புதைத்துவிடாது உடனே அறிவிக்குக. இளங்கன்றுகளில் இவ்வைரசு இதயத் தசையைத் தாக்கிக் கொல்லும். அத்தசையே அங்கு மாதிரியாகும்.

தோலிற் கழலைகள் எழுந்தால்

2020ஆம் ஆண்டில் வட மாகாணத்து மாடுகளில், உடலெங்கும் உருண்டையான கட்டிகளோடு ஒரு நோய் தோன்றியது. ஆபிரிக்காவில் நெடுங்காலம் இருந்து, பின்னர் ஆசியாவுக்குப் பரவிய தோற்கழலை நோய் அது. இலங்கைக் கமக்காரர் அதற்கு முன் அதனைக் கண்டதில்லை. ஆகையால் பூச்சிக்கடி என்றும் அம்மை என்றும் பலவாறு கூறப்பட்டது. கடிக்கும் ஈக்கள், நுளம்புகள், உண்ணிகள் ஆகியன இதனைப் பரப்புகின்றன.

இந்நோயிற் சோதனைக்குரிய காலம் கால்வாய் நோயினும் தாராளமானது. இரத்தத்தில் வைரசு காய்ச்சற் காலத்திற் சில நாட்களே காணப்படினும், கழலையின் மேற்படியும் பொருக்கில் அது ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். வைத்தியர் பொருக்கையோ கழலையின் சிறு துண்டையோ வெட்டியெடுப்பார். இதற்கு முன் உதிர்ந்த பொருக்குகளை வெறுங் கையாற் பெருக்கி எருக்குவியலில் இடாதீர்கள். அதே காரணத்தால் அவை நோயையும் பரப்ப வல்லன. இந்நோய்க்கு உயிருள்ள வைரசினாலான தடுப்பூசி உண்டு. அதை ஏற்றிய சில மாடுகளிற் சிறு கழலைகள் தோன்றுதல் இயல்பு. ஊசியின் வைரசையும் ஊரில் உலாவும் வைரசையும் பிரித்தறியும் சோதனை உள்ளதாயினும், இங்கும் ஊசித் திகதியே முதற் கேள்வியாகும்.

அச்சோதனை பீ.சீ.ஆர். எனப்படும் முறையைச் சேர்ந்தது. வைரசின் மரபுப்பொருளின் ஒரு சிறு பகுதியை, கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படும்வரை திரும்பத் திரும்ப இரட்டிப்பதே இதன் தன்மை. ஒரு நெல்மணி இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, இவ்வாறு முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடிக்கு மேற்பட்ட மணிகளாகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இத்துணை நுட்பமான சோதனையைக் கெடுப்பதும் எளிது. ஒரு மாட்டில் வெட்டிய அலகால் அடுத்த மாட்டிலும் வெட்டினால், நோயற்ற மாடும் நோயுற்றதாகத் தோன்றும். வைத்தியர் மாட்டுக்கு மாடு அலகையும் கையுறையையும் மாற்றுவது வீண் செலவன்று.

பனிக்கட்டியும் பாதையும்

வைரசு நோய்களுக்கான முதன்மையான சோதனைகள் பேராதனைக்கு அண்மையில் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நடைபெறுகின்றன. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். பங்குனி, சித்திரை வெயிலில் அவ்வளவு தூரம் செல்லும் தோற்றுண்டு குளிரின்றி அழுகிவிடும். ஆகவே, வைத்தியர் வருகிறார் என்றறிந்ததும் பனிக்கட்டியைத் தேடி வைப்பது உங்களால் இயன்ற பேருதவி. மாதிரிக் குப்பியைப் பொலித்தீன் பையிலிட்டு முடிந்து, அதன் பின்னரே பனிக்கட்டியின் நடுவே வைத்தல் வேண்டும். உருகிய நீர் உட்புகலாகாது. இரத்தக் குழாயை உறைகுளிரில் வைக்கவோ, மோட்டார் சைக்கிளிற் குலுங்க விடவோ கூடாது. இரத்தக் கலங்கள் உடைந்து நீர்ப்பாயம் சிவந்துவிடும். சிவந்த நீர்ப்பாயம் பல சோதனைகளுக்கு உதவாது.

வாயிற் கைவைக்க வேண்டாம்

விசர் நோய்க்கு உயிரோடிருக்கும் மாட்டில் நம்பத்தக்க சோதனை இல்லை. மாடு இறந்தபின் மூளையைச் சோதித்தே உறுதிசெய்வர். குரல் மாறிக் கதறுதல், பின்னங்கால் தள்ளாடுதல், விழுங்க முடியாது எச்சில் வடிதல், காரணமின்றி முட்ட வருதல் ஆகியவற்றுள் எதனையேனும் கண்டால், தொண்டையில் ஏதோ சிக்கிற்று என்று வாயிற் கைவிடாதீர்கள். பாலையும் பயன்படுத்தாதீர்கள். எச்சில் கையிற் பட்டிருப்பின் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மாட்டின் சோதனை முடிவு வரட்டும் என்று காத்திருத்தல் கூடாது. தலையை நீங்களே வெட்டுதலும் கூடாது. மாதிரி எடுப்பவர் மூளையைப் பனிக்கட்டியிற் குளிரச் செய்து அனுப்புவார்.

அவ்வாறே, திடீரென இறந்து மூக்காலும் குதத்தாலும் உறையாத இரத்தம் கசியும் மாட்டை எவரும் வெட்டிப் பார்க்கலாகாது. அது அடைப்பானாக இருக்கலாம். வெட்டினால் அதன் வித்துகள் மண்ணிற் பல்லாண்டு தங்கிவிடும்.

முடிவு வரும்வரை

மிருக வைத்தியருக்கு அறிவிப்பது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் அதனைக் கடமையாக்கியுள்ளது. அறிவித்தால் மாட்டை விற்க முடியாது போகுமே என அஞ்சி மறைப்போரை நாம் அறிவோம். அவருடைய கவலை உண்மையானதே. பிள்ளையின் படிப்புக்கென விற்க நினைத்த மாடு கயிற்றில் நிற்பது எளிதான காரியமன்று. ஆயினும் மறைத்து விற்ற மாடு அடுத்த ஊரில் நோயைப் பரப்பி, சில வாரங்களில் உங்கள் ஊருக்கே அதைத் திருப்பி அனுப்பும். அப்போது விற்பதற்கு யாரிடமும் மாடு நல்ல நிலையில் இராது.

முடிவு வரும்வரை நோயுற்ற மாட்டுக்கெனத் தனித் தொட்டியும் தனிக் கயிறும் வைக்குக. அதனைப் பராமரிப்பவர் ஏனைய மாடுகளை முதலிற் பார்த்துவிட்டு இறுதியாகவே அதனிடம் செல்லுதல் நன்று. கால்வாய் நோய் ஐயுறப்படும் தொழுவத்தை, 100 பங்கு நீரில் 4 பங்கு சலவைச் சோடா கரைத்துக் கழுவலாம். அத்தொழுவத்து வைக்கோலையும் எருவையும் தோட்டத்துக்கு ஏற்றாது ஒதுக்கி வைக்குக.

"இல்லை" என்று முடிவு வந்தால், அதன் பொருளை வைத்தியரிடம் கேட்டறியுங்கள். நோயே இல்லை என்பதும் அதன் பொருளாகலாம்; மாதிரி பிந்தி எடுக்கப்பட்டது, வழியிற் கெட்டது, தேடிய வைரசு வேறு, வந்த வைரசு வேறு என்பனவும் ஆகலாம். பட்டியிற் புதிதாக நோயுற்ற மாடு மேலும் இருப்பின் மறுபடி மாதிரி கொடுப்பதற்குத் தயங்காதீர்கள். ஒரு மாட்டின் முடிவிலும் நான்கைந்து மாடுகளின் முடிவு உறுதியானது.

இத்தகைய சோதனைகள் ஒரு நோயை முற்றாக ஒழிப்பதற்கும் உதவியதுண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டிற் காணப்படாதிருந்த வெக்கை நோய் 1987இல் மீண்டும் வந்து பெருவாரியான மாடுகளைக் கொன்றது; 1994க்குப் பின் அது இங்கே காணப்படவில்லை. 2011இல் உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியை நிறுத்தியபின், நாடு நாடாக மாடுகளின் நீர்ப்பாயத்தைச் சோதித்து, எங்கும் யானையின் சுவடு இல்லை எனக் கண்ட பின்னரே அவ்வாறு அறிவிக்க முடிந்தது.

மாதிரிக் குப்பியில் எழுதப்படும் இலக்கமும் மாட்டின் காதிலுள்ள இலக்கமும் ஒன்றாயிருத்தலை நீங்களும் ஒருமுறை சரிபார்க்க. காதில் இலக்கமில்லாத மாடாயின், நிறத்தையும் சுழியையும் கொம்பின் அமைப்பையும் எழுதச் சொல்க. இரண்டாம் இரத்தத்துக்குரிய திகதியை அன்றே கேட்டுக் குறித்துக்கொள்க. அறுவடை நாளாயினும் அன்று காலையில் அந்த மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்காது தொழுவத்திலேயே கட்டி வைக்குக.